ஆஸ்கர் 'சிறந்த படம்': நல்ல படம் ஜெயிக்குதா, யாரும் வெறுக்காத படம் ஜெயிக்குதா?

பெஞ்ச்_டிக்கெட் (இழையைத் தொடங்கியவர்)

வருசா வருசம் மார்ச் மாசம் இங்க இதே சண்டைதான். "இந்தப் படத்துக்கா குடுத்தாங்க?"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார், பத்துப் பேர் ஆமாம் சாமி போடுவாங்க, ஐபிஎல் தொடங்கினதும் எல்லாரும் கலைஞ்சுடுவோம். இந்தத் தடவை கொஞ்சம் உருப்படியாப் பேசலாமேன்னு தனி இழை.

என் கட்சி இதுதான். 2010 விழாவுலேர்ந்து ஆஸ்கர் சிறந்த படம் விருதை வாங்குறது நிறையப் பேர் தலையில தூக்கி வச்சு ஆடின படம் இல்ல. யாருக்கும் பெருசா உறுத்தாத படம். இதுக்குக் காரணம் ரசனை இல்லைங்க, ஓட்டு எண்ணுற முறை.

2008-ல வந்த 'த டார்க் நைட்' படத்துக்கு எட்டுப் பரிந்துரை கிடைச்சும் சிறந்த படம் பட்டியல்ல இடம் இல்ல. அப்போ அஞ்சு படத்துக்குத்தான் இடம். ஏகப்பட்ட கூச்சல். அடுத்த வருசமே ஆஸ்கர் குடுக்குற அகாடமி அதைப் பத்தாக்கிடுச்சு. பத்து படம்னா ஒரு சிக்கல் வருது. ஓட்டு சிதறி, வெறும் பதினோரு சதவீதம் வாங்கின படம்கூட ஜெயிச்சுடலாம். அதனால இந்த ஒரு பிரிவுக்கு மட்டும் எண்ணுற முறையை மாத்தினாங்க. நடிகர், இயக்குநர், இசை எல்லாத்துலயும் நம்ம எம்எல்ஏ தேர்தல் மாதிரி, யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்கு விருது. சிறந்த படத்துல மட்டும் பத்து படத்தையும் 1, 2, 3னு வரிசை போட்டுக் குடுக்கணும்.

கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. 100 ஓட்டு, நாலு படம்னு வச்சுப்போம். முதல் இடம் குடுத்தவங்க: 'அ'வுக்கு 36, 'ஆ'வுக்கு 30, 'இ'க்கு 20, 'ஈ'க்கு 14. யாருக்கும் பாதிக்கு மேல இல்ல. கடைசியா இருக்குற 'ஈ' வெளிய போகுது. அந்த 14 சீட்டையும் எடுத்து ரெண்டாவதா எதை எழுதியிருக்காங்கன்னு பாக்குறாங்க. 12 பேர் 'இ', ரெண்டு பேர் 'அ'. இப்போ 'அ' 38, 'இ' 32, 'ஆ' 30. அடுத்து 'ஆ' வெளிய. அந்த 30 பேர்ல 22 பேருக்கு அடுத்தது 'இ', எட்டுப் பேருக்கு 'அ'. முடிவு: 'இ' 54, 'அ' 46.

முதல் சுத்துல மூணாவதா நின்ன படம் ஆஸ்கர் வாங்கிட்டுப் போகுது. 'அ'வை உயிரா நேசிச்சவங்கதான் அதிகம், ஆனா மத்தவங்க அதைக் கடைசியில தள்ளியிருக்காங்க. 'இ'யை யாரும் கடைசியில தள்ளல.

2019-ல 'ரோமா'வை விட்டுட்டு 'கிரீன் புக்'குக்குக் குடுத்தது, 2022-ல பன்னிரண்டு பரிந்துரை வாங்கின 'த பவர் ஆஃப் த டாக்' இருக்கும்போது மூணே பரிந்துரை வாங்கின 'கோடா' ஜெயிச்சது, ரெண்டுக்கும் என் பதில் இதுதான்.

---

சினி_குறும்பன்

காலங்காத்தால கணக்கு வகுப்பு. ரெண்டு டீ குடிச்ச பிறகுதான் 'ஈ' எங்க போச்சுன்னே புரிஞ்சது. பாவம் ஈ.

---

தேன்மொழி_கட்டிங்

அண்ணே, கணக்கு சரி. அதுலேர்ந்து நீங்க எடுத்த முடிவு சரியில்ல.

அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் தன் விருதுக்கு இதே வரிசை முறையைத்தான் வச்சிருக்கு. பத்துப் படம், வரிசை, கீழே இருக்கிறது வெளிய. அவங்க 2017-ல 'லா லா லேண்ட்'டுக்குக் குடுத்தாங்க. அகாடமி 'மூன்லைட்'டுக்குக் குடுத்துச்சு. 2020-ல அவங்களுக்கு '1917', அகாடமிக்கு 'பாரசைட்'. ஒரே எண்ணும் முறை, வேற வேற முடிவு. அப்போ முடிவைத் தீர்மானிச்சது எண்ணிக்கையா, ஓட்டுப் போட்டவங்களா?

2015, 2016 ரெண்டு வருசமும் நடிப்புக்கான இருபது பரிந்துரையும் வெள்ளையருக்கே போனதும் வந்த எதிர்ப்பு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் அகாடமி உறுப்பினர் சேர்க்கையைத் திறந்துவிட்டுச்சு. 2018-ல மட்டும் 928 பேருக்கு அழைப்பு, 2019-ல 842, 2020-ல 819. அதுல நிறையப் பேர் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவங்க. ஆறாயிரத்துச் சொச்சமா இருந்த கூட்டம் இன்னிக்குப் பத்தாயிரத்தைத் தொட்டு நிக்குது. கொரியப் படம் ஒண்ணு ஆங்கிலம் அல்லாத படமா முதல் தடவை சிறந்த படம் வாங்கினது இந்தக் கூட்டத்தாலதான். சீட்டை எப்படி அடுக்கினாங்கங்கிறதால இல்ல.

அதோட 'பாரசைட்' யாருக்கும் உறுத்தாத படமா? அந்தப் பாதாள அறையும் கடைசிப் பிறந்தநாள் விருந்தும் உறுத்தலன்னா நாம ரெண்டு பேரும் வேற வேற படம் பாத்திருக்கோம்.

---

ரீல்_பெட்டி

இருவருக்கும் வணக்கம். கொஞ்சம் பழைய சரக்கை இறக்குகிறேன்.

'எண்ணும் முறையால்தான் இயக்குநர் ஒருவர், படம் வேறொன்று என்று பிரிகிறது' என்று பலர் எழுதுகிறார்கள். 2013, 2014, 2016, 2017, 2019, 2022 ஆகிய விழாக்களில் அப்படிப் பிரிந்தது உண்மை. 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்யாரிட்டுவுக்கு 'த ரெவனன்ட்' படத்துக்காக இயக்குநர் விருது; சிறந்த படம் 'ஸ்பாட்லைட்'. அது மொத்தமே இரண்டு விருதுதான் வாங்கியது. சிறந்த படம் வாங்கிய ஒன்று இவ்வளவு குறைவாக வாங்கியது அதற்கு முன் 1953 விழாவில், 'த கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' படத்துக்கு.

ஆனால் பழைய முறை இருந்தபோதும் பிரிந்திருக்கிறதே. 1999-ல் ஸ்பீல்பெர்க்குக்கு 'சேவிங் பிரைவேட் ரயான்' படத்துக்காக இயக்குநர் விருது, சிறந்த படம் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்'. 2001-ல் சோடர்பெர்க், படம் 'கிளாடியேட்டர்'. 2003-ல் போலன்ஸ்கி, படம் 'சிகாகோ'. 2006-ல் ஆங் லீ, படம் 'க்ராஷ்'. எட்டு விழாவில் நான்கு. அப்போது வரிசைச் சீட்டு கிடையாது.

மறுபக்கம், 2023, 2024, 2025 மூன்று விழாவிலும் இயக்குநரும் படமும் ஒன்றாகவே போயின. 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' ஏழு விருது, 'ஆப்பன்ஹைமர்' ஏழு, 'அனோரா' ஐந்து. இதில் முதல் படத்தைப் பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் முப்பதாவது நிமிடத்தில் எழுந்து போனார்கள். என் வீட்டிலேயே அப்படித்தான்.

இன்னொன்று. விருதுக்கும் காலத்துக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்தான். ஒன்பது பரிந்துரை வாங்கிய 'சிட்டிசன் கேன்' 1942-ல் திரைக்கதைக்கு மட்டும் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பியது. அந்த ஆண்டின் சிறந்த படம் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. அதுவும் மோசமான படம் அல்ல, ஜான் ஃபோர்டு எடுத்தது. ஆனால் இன்று அதைப் பார்த்தவர் இங்கே எத்தனை பேர், கையைத் தூக்குங்கள்.

---

சினி_குறும்பன்

கையைத் தூக்கல. ஆனா டிவிடி வாங்கி வச்சிருக்கேன். அது கணக்குல வருமா சார்?

---

வாய்க்கா_வரப்பு

எல்லாரும் எண்ணிக்கை, உறுப்பினர்னு பேசுறீங்க. காசைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல.

ரீல்பெட்டி ஐயா சொன்ன 1999-ஐயே எடுத்துக்குவோம். 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' ஜெயிச்சதுக்குப் பின்னால மிராமாக்ஸ் கம்பெனியும் ஹார்வி வைன்ஸ்டீனும் நடத்தின பிரசாரம் இருக்கு. பத்திரிகை விளம்பரம், விருந்து, உறுப்பினர்களுக்குத் தனிக் காட்சினு தேர்தல் வேலையாவே பாத்தாங்க. அதுக்கப்புறம் ஹாலிவுட்ல விருது சீசன்னு தனித் தொழிலே உருவாயிடுச்சு. அதுக்குன்னே ஆலோசகருங்க, அதுக்குன்னே பட்ஜெட். 'கோடா'வை எடுத்துக்கிட்டுப் போனது ஆப்பிள். ஸ்ட்ரீமிங் கம்பெனி ஒண்ணு முதல் தடவை சிறந்த படம் வாங்கினது அப்பதான். நெட்ஃபிளிக்ஸ் 'ரோமா'வுலேர்ந்து முட்டி மோதிக்கிட்டிருந்த கதவு அது.

பத்தாயிரம் பேருக்கு முன்னால உங்க படம் இருக்குங்கிறதையாவது தெரிய வைக்கணும்ல? பாக்காத படத்தை எவன் முதல் இடத்துல போடுவான், ரெண்டாவது இடத்துலதான் எவன் போடுவான்?

---

ஸ்காபரோ_பொடியன்

நான் இருக்கிறது ரொறன்ரோப் பக்கம். செப்டெம்பர் மாசம் இங்க திரைப்பட விழா நடக்கும். அதில நடுவர் குழு குடுக்கிற பரிசை விட ஆக்கள் போடுற வாக்குப் பரிசுதான் பெரிசு. டிக்கெட் எடுத்துப் படம் பாத்த சனம் வாக்குப் போடும். அதில வெண்ட படங்களைப் பாருங்கோ: 2008-ல 'ஸ்லம்டாக் மில்லியனர்', 2010-ல 'த கிங்ஸ் ஸ்பீச்', 2013-ல '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 2018-ல 'கிரீன் புக்', 2020-ல 'நோமட்லேண்ட்'. அஞ்சும் பிறகு ஆஸ்கர் சிறந்த படம்.

இது பெஞ்ச் அண்ணை சொல்லுற கதைக்குச் சார்பாத்தான் இருக்கு. சனம் எழும்பி நிண்டு கை தட்டுற படம் அங்கயும் போய் வெல்லுது. 'கிரீன் புக்' பாக்கேக்க இங்க தியேட்டரில சனம் அப்பிடிச் சிரிச்சது. எனக்கு அந்தப் படம் பெரிசாப் பிடிக்கேல்லை. கறுப்பினக் கலைஞர் ஒருத்தற்ர கதையை அவருக்குக் கார் ஓடினவற்ர கண்ணால சொன்ன மாதிரி இருந்தது. ஆனா பக்கத்து சீற்றில இருந்த மனிசிக்குக் கண் கலங்கிப்போச்சு. அவவும் பத்தில ரெண்டாவது, மூண்டாவது இடம் குடுப்பா எண்டு அண்டைக்கே விளங்கிச்சு.

---

பெஞ்ச்_டிக்கெட்

பொடியன் தம்பிக்கு நன்றி. நான் சொல்ல வந்ததே அந்தப் பக்கத்து சீட்டு அம்மாவைத்தான்.

தேன்மொழி, 'பாரசைட்' பத்தி ஒண்ணு. கூர்மையான படம், ஒத்துக்கிறேன். ஆனா யார் அதை வெறுத்தாங்க? சஸ்பென்ஸ் கேட்டவனுக்கு சஸ்பென்ஸ், சிரிப்பு கேட்டவனுக்கு சிரிப்பு, ஏழை பணக்காரன் அரசியல் கேட்டவனுக்கு அது. பிரான்ஸ் கான் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கப் பனை வாங்கின படம், அதுவே தியேட்டர்லயும் விசில் வாங்குற படம். முதல் இடம் குடுக்காதவன்கூட மூணுக்குக் கீழ போட்டிருக்க மாட்டான். வரிசைச் சீட்டுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.

'மூன்லைட்'டும் அப்படித்தான். 'லா லா லேண்ட்' 14 பரிந்துரை வாங்கி வந்த படம். பிடிச்சவங்களுக்கு வெறி, பிடிக்காதவங்களுக்கு எரிச்சல். 'மூன்லைட்'டைப் பாத்து எரிச்சலானேன்னு யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

---

சினி_குறும்பன்

மூன்லைட்னதும் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கவர் குழப்பம் யாராச்சும் நேரலையில பாத்தீங்களா?

---

தேன்மொழி_கட்டிங்

பாத்தேன். நம்ம ஊர் நேரத்துக்குத் திங்கட்கிழமை காலைல, வேலைக்குக் கிளம்பிக்கிட்டே. விழா முடிஞ்சதுன்னு டிவியை அணைக்கப் போன நேரம்.

அதை ஒரு எடிட்டிங் டேபிள் ஆளா எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்திருக்கேன். சிறந்த படத்தை அறிவிக்க நடிகர் வாரன் பேட்டியும் நடிகை ஃபே டனவேயும் வர்றாங்க. பேட்டி கவரைப் பிரிக்கிறார். அட்டையைப் படிச்சுட்டு, கவருக்குள்ள வேற ஏதாவது இருக்கான்னு திரும்பக் கையை விடுறார். கூட்டம் சிரிக்குது, மனுசன் சஸ்பென்ஸ் ஏத்துறார்னு நினைச்சு. ஃபே டனவேயும் அப்படித்தான் நினைச்சு "விளையாடுறீங்களே"ங்கிற மாதிரி ஒரு பார்வை பாக்குறார். இவர் அட்டையை அவர்கிட்ட நீட்டுறார். அவர் கண்ணுல பட்டது படத்தோட பேரு மட்டும், சொல்லிட்டார். உண்மையில அது சிறந்த நடிகைக்கான எம்மா ஸ்டோன் அட்டை, கீழே 'லா லா லேண்ட்'னு போட்டிருந்தது.

மேடையோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரெண்டு செட் கவர் வச்சிருப்பாங்க, யார் எந்தப் பக்கத்துலேர்ந்து வருவாங்களோ அதுக்கேத்த மாதிரி குடுக்க. நடிகை விருது ஒரு பக்கத்துச் செட்லேர்ந்து போனதால, அதே விருதோட இன்னொரு கவர் மறுபக்கத்துல பிரிக்காமக் கிடந்துச்சு. ஓட்டு எண்ணுற பிரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் ஆளு அதைத் தூக்கிக் குடுத்துட்டார்.

'லா லா லேண்ட்' தயாரிப்பாளருங்க நன்றி சொல்லிக்கிட்டிருக்கும்போதே பின்னால ஹெட்செட் மாட்டின ஆளுங்க மேடையில ஓடுறாங்க. அந்தத் தயாரிப்பாளருங்கள்ல ஒருத்தரான ஜோர்டான் ஹோரோவிட்ஸ் மைக்கைப் பிடிச்சு "தப்பு நடந்திருக்கு, மூன்லைட்தான் ஜெயிச்சிருக்கு, இது விளையாட்டு இல்ல"ன்னு சொல்லி, சரியான அட்டையை கேமராவுக்கு நேரா தூக்கிக் காட்டினார். கையில இருந்த விருதைத் தானே எடுத்துக் குடுக்குற தயாரிப்பாளர். நாங்க அன்னிக்கு ஸ்டுடியோவுல படத்தைப் பத்திப் பேசவே இல்ல, இவரைப் பத்தித்தான் பேசினோம்.

---

வாய்க்கா_வரப்பு

அட்டையில 'சிறந்த நடிகை'ங்கிற எழுத்து கடுகளவுக்கு அடியில இருந்துச்சு. அடுத்த வருசமே எழுத்தைப் பெருசாக்கினாங்க, ஓட்டு எண்ணுற கம்பெனி ஆளு ஒருத்தர் வேற கன்ட்ரோல் ரூம்ல உட்கார ஆரம்பிச்சார். இவ்வளவு பெரிய விழா, கோட்டைவிட்டது ஃபான்ட் சைஸ்ல.

---

புதுவரவு_கோவை

எல்லாருக்கும் வணக்கம், இங்க புதுசு. ஒரு சந்தேகம். 'சூரரைப் போற்று', 'ஜெய் பீம்' ரெண்டும் ஆஸ்கர் போட்டியில இருந்துச்சுன்னு அப்போ பேப்பர்லயே வந்துச்சே. கடைசிச் சுத்துல தோத்துடுச்சா?

---

ரீல்_பெட்டி

வாருங்கள் தம்பி. நல்ல கேள்வி, இதில் பெரிய குழப்பம் இருக்கிறது.

குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் குறிப்பிட்ட நாள் திரையிடுவது போன்ற விதிகளை நிறைவு செய்து, விண்ணப்பம் போட்டால், அகாடமி அந்த ஆண்டின் 'தகுதியுள்ள படங்கள்' பட்டியலில் பெயரைச் சேர்க்கும். (கொரோனா காலத்தில் ஓடிடி படங்களுக்குச் சலுகை இருந்தது.) 'சூரரைப் போற்று' இடம்பெற்ற பட்டியலில் மொத்தம் 366 படங்கள். 'ஜெய் பீம்' இருந்ததில் 276. இது வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவது. வேட்பாளர் ஆவதே அதற்கு அடுத்த படி. இரண்டு படமும் பரிந்துரை பெறவில்லை. 'ஜெய் பீம்' காட்சி ஒன்றை அகாடமி தன் யூடியூப் பக்கத்தில் போட்டது. அது மரியாதைதான், பரிந்துரை அல்ல.

வெளிநாட்டுப் படத்துக்கான பிரிவு தனி. அதற்கு நாட்டுக்கு ஒரு படம், இந்தியாவில் ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா அமைக்கும் குழு தேர்வு செய்யும். அந்த வழியில் போன முதல் தமிழ்ப்படம் 1969-ன் 'தெய்வமகன்'. பிறகு 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்'. ஒன்றும் கடைசி ஐந்துக்குள் போகவில்லை. இந்தியாவிலிருந்தே அந்த ஐந்துக்குள் போனவை மூன்றுதான்: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'.

---

வாய்க்கா_வரப்பு

அந்தத் தேர்வுக் குழுவைப் பத்திப் பேசினா இழை மாசக்கணக்குல போகும். 2022-ல 'ஆர்ஆர்ஆர்' உலகம் பூரா ஓடிக்கிட்டிருக்கு, இவங்க குஜராத்தி 'செல்லோ ஷோ'வை அனுப்பினாங்க. அது நல்ல படம், கடைசிப் பதினஞ்சு வரைக்கும் போச்சு, குறை சொல்லல. ஆனா ஆர்ஆர்ஆர் குழு பொதுப் பிரிவுல தானாப் போட்டி போட்டு, கீரவாணியும் சந்திரபோஸும் பாட்டுக்கு ஆஸ்கரோட வந்தாங்க. 2024-ல கான்ல ரெண்டாவது பெரிய பரிசு வாங்கின 'ஆல் வீ இமேஜின் அஸ் லைட்' கையில இருக்கு, 'லாபதா லேடீஸ்' போச்சு. கதவைத் தட்டத் தெரிஞ்ச படம் எதுன்னு பாக்க வேண்டாமா? 'லகான்' காலத்துல ஆமிர் கானும் கோவாரிக்கரும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல போய் உக்காந்து படத்தைப் போட்டுப் போட்டுக் காமிச்சாங்க. அதுதான் வேலை.

---

தேன்மொழி_கட்டிங்

காசு இல்லாமலும் கதவு திறக்கும் வரப்பு அண்ணே. அதே 2023 விழாவுல ஆவணக் குறும்படப் பிரிவுல ஜெயிச்ச 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' நம்ம முதுமலை தெப்பக்காடு முகாம்ல எடுத்தது. பொம்மன், பெள்ளி, ரகுங்கிற குட்டி யானை, அவ்வளவுதான் படம். ஹாலிவுட் மேடையில அவங்க பேசுற தமிழுக்கு ஆஸ்கர் போயிருக்கு. நாம 'நாட்டு நாட்டு'க்கு ஆடின ஆட்டத்துல அதை யாரும் சரியாக் கொண்டாடல.

ரஹ்மான் 2009-ல மேடையில "எல்லாப் புகழும் இறைவனுக்கே"ன்னு தமிழ்ல சொன்னதை இன்னிக்கும் ரிங்டோன் வச்சிருக்கிற ஊர்தானே இது.

---

சினி_குறும்பன்

அதுவும் நெட்ஃபிளிக்ஸ் படம்தான் அக்கா. "காசு இல்லாம"னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க :)

---

தேன்மொழி_கட்டிங்

@சினி_குறும்பன் உனக்குன்னு எங்கேர்ந்துதான் வருதோ. சரி, படம் எடுக்க ஆன காசு குறைவு, கொண்டு போன கை பெருசு. 'அனோரா'வும் அதே கதைதானே? எடுத்த செலவு சுமார் 60 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்குக்கு அது மேக்கப் வேன் செலவு. எழுதி, இயக்கி, எடிட் பண்ணி, தயாரிப்பிலும் பேர் போட்டு ஷான் பேக்கர் ஒரே ராத்திரியில நாலு ஆஸ்கர் தூக்கிட்டுப் போனார். எடிட்டிங் விருதை இயக்குநரே வாங்குறது எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல், அது தனிக் கதை.

ஆனா பெஞ்ச் அண்ணே, இதை உங்க வாதத்துல எங்க வைப்பீங்க? பாலியல் தொழில் செய்யுற பொண்ணு நாயகி, காது கூசுற வசனம், பாதிப் படம் கத்தல். அறுபது எழுபது வயசு உறுப்பினருக்கு உறுத்தாத படமா இது? எதிர்ல 'கான்க்ளேவ்' இருந்துச்சு. பெரியவங்க, போப் தேர்தல், அழகான ஒளிப்பதிவு, யாருக்கும் உறுத்தாது. உங்க கணக்குப்படி அதுதான் ஜெயிச்சிருக்கணும்.

---

பெஞ்ச்_டிக்கெட்

நல்ல இடத்துல பிடிச்சே. பதில் சொல்றேன்.

பரிந்துரைக் கட்டமும் கடைசிக் கட்டமும் ரெண்டு வேற விளையாட்டு. பரிந்துரைக்கு முதல் இட ஓட்டு முக்கியம். கொஞ்சம் பேர் வெறியா நேசிச்சாப் போதும், பத்துக்குள்ள வந்துடலாம். 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரையோட அப்படி வந்ததுதான். கடைசிக் கட்டத்துல ரெண்டே விருதோட திரும்பிடுச்சு. அங்க பரவலான ஆதரவு வேணும். 'அனோரா'வுக்கு ரெண்டுமே இருந்துச்சு. தயாரிப்பாளர் சங்கமும் அதுக்குத்தான் குடுத்துச்சு. 'கான்க்ளேவ்'வை யாரும் வெறுக்கல, ஆனா முதல் இடம் குடுக்கவும் போதுமான ஆள் இல்லன்னா ஆரம்பச் சுத்துலயே வெளிய. என் உதாரணத்துல 'ஈ' நிலைமை. அதைப் பிடிக்காதவங்க யாருமே இல்லாம இருந்திருக்கலாம், 14 ஓட்டோட கிளம்பிடுச்சு. முதல் இடத்துல ஓரளவு பலம், மத்தவங்க சீட்டுல ரெண்டு மூணு. இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆஸ்கர்.

---

தேன்மொழி_கட்டிங்

அப்போ "யாரும் வெறுக்காத படம்"னு தலைப்புல போட்டது என்ன கணக்கு? இப்போ நீங்க சொல்றது "நிறையப் பேர் நேசிக்கிற, கொஞ்சம் பேர் வெறுக்கிற படம்". அது எந்தத் தேர்தல்லயும் ஜெயிக்கும்ணே.

---

பெஞ்ச்_டிக்கெட்

தலைப்பு அப்படி வைக்கலன்னா நீ வந்திருப்பியா?

---

ரீல்_பெட்டி

குறுக்கே ஒரு வார்த்தை. பத்தாயிரம் பேர் ஓட்டுப் போடுவது ஒரு வழி. நம் தேசிய விருது நேர் எதிர். ஒரு சிறு நடுவர் குழு அறைக்குள் உட்கார்ந்து படம் பார்த்து, பேசி, முடிவெடுக்கும். அதில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை வாங்கிய தமிழ்ப்படங்கள் மூன்று: 1990-க்கான விருதில் சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்', 2007-க்கு 'காஞ்சிவரம்', 2020-க்கு 'சூரரைப் போற்று'.

'மறுபக்கம்' மாதிரி ஒரு படம் பத்தாயிரம் பேர் ஓட்டில் ஜெயிக்கவே ஜெயிக்காது. நான்கு பேர் உட்கார்ந்து பிடிவாதம் பிடித்தால்தான் அப்படிப்பட்ட படம் வெளியே தெரியும். கான் விழாவிலும் அதே முறை. அதே நேரத்தில் சிறு குழு என்றால் 'யாருக்கு யார் வேண்டியவர்' என்ற பேச்சும் கூடவே வரும். நம் ஊரில் ஒவ்வொரு பட்டியல் வந்ததும் நாம் செய்வதே அதுதான். எனக்குக் கேட்டால் சிறு குழுவின் பிடிவாதமே மேல். தப்பாகப் போனாலும் சுவாரசியமாகத் தப்பாகப் போகும்.

---

ஸ்காபரோ_பொடியன்

ஐயா சொன்னது சரி. ஆனா ஆஸ்கரில புதுசா ஒரு விதி வந்திருக்கல்லோ? 2026 விழாவில இருந்து, ஒரு பிரிவில வாக்குப் போடோணுமெண்டா அந்தப் பிரிவில இருக்கிற எல்லாப் படத்தையும் பாத்திருக்கோணும் எண்டு. இவ்வளவு காலமும் பாக்காமலே போட்டவை எண்டுதானே அர்த்தம்!

---

வாய்க்கா_வரப்பு

அதேதான்! நான் முன்னாடியே கேட்டேன்ல, பாக்காத படத்தை எவன் முதல் இடத்துல போடுவான்னு. அகாடமியே ஒத்துக்கிச்சு. ஆனா பாத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

---

தேன்மொழி_கட்டிங்

உறுப்பினர்களுக்குன்னு தனி ஸ்ட்ரீமிங் தளம் இருக்கு, அதுல பாத்தா பதிவாயிடும். தியேட்டர்லயோ விழாவுலயோ பாத்திருந்தா எங்க, எப்போன்னு படிவம் நிரப்பணும். படத்தை ஓடவிட்டுட்டு சமையல் பண்ணினாலும் பாத்ததாத்தான் கணக்கு, அதுக்கு மருந்து கிடையாது.

ஆனா இதோட விளைவு சிறந்த படத்துலதான் பெருசா இருக்கும்னு நினைக்கிறேன். இவ்வளவு நாள் மூணு மணி நேரப் படம், சப்டைட்டில் படத்தையெல்லாம் பாக்காமலே எட்டு, ஒன்பதுன்னு கீழ தள்ளியிருப்பாங்க, இல்ல வெறுமனே விட்டிருப்பாங்க. வெறுமனே விட்ட சீட்டு, எழுதின படமெல்லாம் வெளிய போனதும் அதோட செத்துடும். இனிமே அந்தப் படங்களைப் பாத்தாகணும். பாத்தா நாலாவது, மூணாவது இடத்துக்கு வர வாய்ப்பு இருக்கு. பெஞ்ச் அண்ணன் சொல்ற அந்த வரிசைச் சீட்டு, கஷ்டமான படங்களுக்குச் சாதகமாத் திரும்பலாம்.

---

சினி_குறும்பன்

இல்ல, மூணு மணி நேரம் முழுசா பாத்த கோவத்துல பத்தாவது இடத்துக்கும் தள்ளலாம்.

---

பெஞ்ச்_டிக்கெட்

குறும்பா, இந்த இழையிலயே உருப்படியான தேர்தல் கணிப்பு உன்னோடதுதான். அடுத்த பட்டியல் வரட்டும். பரிந்துரை அறிவிச்ச அன்னிக்கே எல்லாரும் பத்துப் படத்தையும் வரிசை போட்டு இங்க எழுதுங்க, நாமளே வரிசைச் சீட்டு முறையில எண்ணிப் பாக்கலாம். தேன்மொழிதான் எண்ணணும், கவர் ரெண்டு செட் வேண்டாம்.